இருபது எப்படி நான்காயிற்று?

அன்புள்ள கதிரவனுக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தி எனக்கு எரிச்சலூட்டியது. மேக்ஸ்வெல் எழுதிய 20 சமன்பாடுகளை ஹெவிசைடு நான்காக வெட்டிவிட்டாராம். அதோடு ஏதோ ரகசிய ஆற்றலும் போய்விட்டதாம். ஆகவே மின்காந்தக் கொள்கையையே திருத்தி எழுத வேண்டுமாம். இதைக் காணொளியில் சொன்னவர் 1865ஆம் ஆண்டுக் கட்டுரையைப் புரட்டியாவது பார்த்தாரா?

நீ பார். அந்த 20இல் 18, ஆறே ஆறு வெக்டர் சமன்பாடுகளை மூன்று திசைகளுக்கும் தனித்தனியாக எழுதியவை. மிச்சம் இரண்டு: மின்னூட்டத்துக்கு ஒன்று, அதன் தொடர்ச்சிக்கு ஒன்று. ஆக, எட்டு. எட்டில் ஒன்று ஓம் விதி. இன்னொன்று மின்காப்புப் பொருளின் குணத்தைச் சொல்வது. இரண்டும் உன் பாடநூலிலேயே இருக்கின்றன. ஹெவிசைடு பின்னுக்குத் தள்ளியது பொட்டென்ஷியலை. அதில் அவர் அவசரப்பட்டார் என்பது என் கட்சி. காந்தப்புலமே இல்லாத இடத்திலும் பொட்டென்ஷியல் எலக்ட்ரானைப் பாதிக்கும் என்று 1959இல் அஹரோனோவும் போமும் கணக்கிட்டார்கள், சோதனையும் அதை ஒப்புக்கொண்டது. ஆனால் அதை யார் ஒளித்துவைத்தார்கள்? முதுகலைப் பாடத்தில் பக்கம் பக்கமாக வருகிறதே!

கொள்கையோடு மோதியவரைப் பார்க்க ஆசையென்றால் அதே ஹெவிசைடைப் பார். கல்லூரிப் படி ஏறாதவர். தந்தி இயக்குபவராக இருந்து 1874இல் வேலையை விட்டவர். நீண்ட கம்பியில் அனுப்பிய துடிப்பு மறுமுனைக்குப் போவதற்குள் ஏன் கலங்கிவிடுகிறது என்பதற்கு 1855இல் தாம்சன் தந்த விளக்கத்தில் தன் மின்தூண்டலுக்கு இடமே இல்லை. அந்தத் தூண்டல் தொலைபேசிக்குக் கேடு என்று பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் ப்ரீஸ் அடித்துச் சொன்னார். 1887இல் ஹெவிசைடு நேரெதிராகச் சொன்னார்: தூண்டலைக் கூட்டு!

இங்கே நிறுத்தி நிதானமாக வாசி. தடைக்கும் தூண்டலுக்கும் உள்ள விகிதம், காப்பு வழியே ஒழுகும் கசிவுக்கும் மின்தேக்குத்திறனுக்கும் உள்ள விகிதத்துக்குச் சமமானால், அலை தேயும், உருக்குலையாது. நடைமுறைக் கம்பிகளில் முதல் விகிதம் மிகப் பெரிது. கசிவைக் கூட்டிச் சமன் செய்யலாம், ஆனால் குரலே தேய்ந்துவிடும். எனவே தூண்டல்தான் வழி. கம்பியில் செய்து பார்த்தால் ஆள் சொன்னது சரியா தப்பா என்று தெரிந்துவிடும், அல்லவா? ப்ரீஸோ ஹெவிசைடு இதை எழுதிய கட்டுரையே வெளிவராமல் தடுத்தார். பின்னால் அமெரிக்காவில் பியூபின் 1900இல் இந்த வழிக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பியின் வழிநெடுக இடைவெளி விட்டுத் தூண்டலைக் கூட்டும் சுருள்களைக் கோத்தார்கள். தொலைதூரப் பேச்சு தெளிந்தது. காசெல்லாம் பியூபினுக்கு.

உன் காணொளிக்காரர் எந்தக் கருவியில் எந்த அளவு எவ்வளவு மாறும் என்கிறார்? கேட்டு எழுது. எண் இல்லாமல் எழுதாதே.

ஹெவிசைடின் ‘மின்காந்தக் கொள்கை’ முதல் தொகுதி (1893) என்னிடம் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது எடுத்துப் போ. வெக்டருக்குப் போட்டியாக நின்ற குவாட்டர்னியன் கணித முறைக்காரர்களை அவர் வாரும் பக்கங்கள் படு சுவை. அதிலேயே உட்கார்ந்துவிடாமல் வெக்டர் அத்தியாயத்தைத் தாள் வைத்துப் போட்டுப் பார். ஓரத்தில் பேனாவால் கிறுக்கினால் இரண்டாம் தொகுதி கிடையாது.

அன்புடன்,
உன் ஆசிரியர்