ஏரியல் இரண்டு, டியூனர் ஒன்று

பினாங்குத் தீவிலிருந்து இரண்டாவது பாலம் வழியாகப் பத்து காவான் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றும் வேன் என்னுடையது. 2019-இல் அனலாக் ஒளிபரப்பு நின்ற பிறகு, ஷிப்டு முடிந்து வரும் பெண்களுக்காகப் பின்பக்கம் டிஜிட்டல் பெட்டியும் திரையும் பொருத்தினேன். டிவி2 செய்தியும் மின்னல் எஃப்எம்மும் அதில் வரும். வேன் நின்றால் தெளிவு, ஓடினால் அறுந்துவிடும். அனலாக் இரைச்சலோடாவது பேசும். டிஜிட்டலில் சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மொத்தமும் ஊமை.

"ரெண்டு ஏரியல் போட்டா சிக்னல் ரெண்டு மடங்கு, அண்ணே" என்றார் கடைக்காரர். இரண்டையும் ஒரு ஒய் இணைப்பியில் சேர்த்துப் பெட்டியின் ஒரே துளையில் செருகினார். 300 வெள்ளி. முன்னைவிட மோசம். மூன்று மாதம் பெட்டியையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இதை எழுதுவதே அந்த ஒய்யால்தான்.

அலை கோபுரத்திலிருந்து நேராக மட்டும் வருவதில்லை. கன்டெய்னர் லோரி, தொழிற்சாலைத் தகரச் சுவர், கடல்நீர் எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பியும் வரும். ஒன்றின் மேட்டில் இன்னொன்றின் பள்ளம் விழும் இடத்தில் சிக்னல் செத்துப்போகும். 500 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 60 சென்டிமீட்டர். ஏறத்தாழ 30 சென்டிமீட்டருக்கு இப்படி ஒரு சிக்னல் பள்ளம் வரலாம். மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு ஏறத்தாழ 74 பள்ளம். ஒய் இணைப்பிக்கு எது நல்லது என்று தெரியாது. ஒரு ஏரியல் நன்றாக வாங்கியதை மற்றது எதிராக வந்து அழித்துவிடலாம்.

ஒவ்வோர் ஏரியலுக்கும் தனி டியூனர் வேண்டும். இரண்டு அலையையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்து, வலுவானதற்குக் கூடுதல் எடை கொடுத்துச் சேர்ப்பது உள்ளே இருக்கும் சிப்பின் வேலை. ஓர் ஏரியல் பத்தில் ஒரு தடவை தவறினால், இரண்டும் ஒருசேரத் தவறுவது நூற்றில் ஒன்று. அதற்கு இரண்டும் ஒரே பள்ளத்தில் விழாத தூரத்தில் இருக்க வேண்டும்.

இப்போது இரட்டை டியூனர் பெட்டி. கூரையின் முன் மூலையில் ஒன்று, பின் மூலையில் ஒன்று. அரை நாள் வேலை. ஏரியலைக் கண்ணாடியின் உட்புறம் ஒட்டாதீர்கள், உலோகம் கலந்த டின்ட் சிக்னலைத் தின்னும். கைப்பேசியில் கேட்டால் போதாதா என்கிறார்கள். டேட்டாவுக்குக் காசு, இது இலவச ஒளிபரப்பு.

ஒய்யைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார். நீங்கள் வாங்கும்போது பெட்டியைத் திருப்பி, ஏரியல் துளை இரண்டு இருக்கிறதா என்று பார்த்து, உள்ளே டியூனர் எத்தனை என்று கேட்ட பிறகே பணத்தை எடுங்கள்.