சாவித்துவாரக் கண்மணி

என் 6 வயது மகனுக்குப் பிறந்ததிலிருந்தே இடது கண்மணி சாவித்துவாரம்போல் கீழ்நோக்கி நீண்டிருக்கிறது. பார்வை போய்விடுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

இது பெரும்பாலும் கொலபோமா. கருவின் 5 முதல் 7 வாரங்களுக்குள் மூட வேண்டிய விழிப்பிளவு அடிப்பக்கத்தில் மூடாமல் நின்றுவிடுவதால் வருவது. கர்ப்பகாலத்தில் வந்த கிரகணத்தின்மேல் பழிபோட வேண்டியதில்லை. ஐரிஸ் என்னும் நிறத்திரையோடு பிளவு நின்றிருந்தால் வெயிலில் கண் கூசும், அவ்வளவுதான். விழித்திரைவரை ஓடியிருந்தால்தான் பார்வை குறையும். அது சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிற்பாடு வரும் கோணல் வேறு ரகம். பந்து பட்டு ஒரு பக்கம் தட்டையானால் ஐரிஸின் வேர் கிழிந்திருக்கலாம். கண் சிவந்து, வலித்து, கண்மணி நெளிந்தால் ஐரிஸ் அழற்சியால் லென்ஸோடு ஒட்டியிருக்கலாம். இவ்விரண்டுக்கும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.