இணையச் சந்தையில் சரக்கு விவரம் எழுதும் முறை

இணையச் சந்தையில் சேலையோ மஞ்சளோ விற்கும் அங்கத்தினர்களிடையே ஒரு மனக்குறை பரவலாக உண்டு. நேற்று வரை ஏற்றுக்கொள்ளப்பட்ட சரக்கு, இன்று "விவரம் போதாது" என்று பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. நெய்வதை விட எழுதுவதே பெரும்பாடாகி விட்டது என்று சிலர் சலித்துக்கொள்கின்றனர். இக்குறையில் நியாயமான பகுதி எது, நாமே தீர்த்துக்கொள்ளக்கூடிய பகுதி எது என்பதைப் பிரித்தறிதல் நன்று.

பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகள் 2011ஆம் ஆண்டில் வந்தவை. 2017இல் அவை திருத்தப்பட்டு, விலை, நிகர அளவு, தயாரிப்பாளர் பெயர் முதலியவற்றை இணையத் திரையிலும் காட்ட வேண்டும் என்பது 1-1-2018 முதல் அமலுக்கு வந்தது. 2020 ஜூன் மாதத்தில் அரசாங்கக் கொள்முதல் சந்தையாகிய "ஜெம்", புதிய சரக்கைப் பதிவு செய்கையில் எந்த நாட்டில் உற்பத்தியானது என்று தெரிவித்தாக வேண்டும் என்றது. அதற்கு முன் பதிவானவற்றுக்கும் அவ்விவரம் சேர்க்கப்படாவிடில் நீக்கப்படும் என எச்சரித்தது. கடையில் வாங்குபவர் துணியைத் தடவிப் பார்க்கிறார். திரையில் வாங்குபவருக்கு நம் எழுத்தும் படமுமே துணை. ஆகவே விவரம் கேட்பது தவறன்று.

அதிகம் தடுமாறும் இடம் வரி இனக் குறியீடு. பட்டுத் துணிக்கு 5007. பருத்தி நூற்றுக்கு 85 பங்கோ அதற்கு மேலோ உள்ள துணி, சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு மேற்படாதிருந்தால் 5208, மேற்பட்டால் 5209. சதுர மீட்டர் எடையைக் கண்டறிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. ரவிக்கைத் துண்டு உட்பட 6.2 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள பருத்திச் சேலையின் பரப்பு 7.44 சதுர மீட்டர். தராசில் அது 558 கிராம் நின்றால், 558ஐ 7.44ஆல் வகுக்க 75 கிராம் கிடைக்கும். எனவே 5208. மளிகைக் கடைத் தராசே போதும்.

"செயற்கைப் பட்டு" என்று வழங்குவது பட்டன்று. அதன் இழைகள் 54ஆம் அத்தியாயத்தில் அடங்குவன. பட்டு என்னும் கட்டத்தில் அதனை எழுதினால், திரும்பி வருவது சேலை மட்டுமன்று. சங்கத்தின் பெயரும் கெடும். அவ்வாறே விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என எழுதுவோர் உண்மையான கைத்தறியாளரின் கூலியிலேயே கை வைக்கின்றனர். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் எதற்காக வந்ததோ அது திரையிலும் பொருந்த வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். "சேலம் வெண்பட்டு" புவிசார் குறியீடு பெற்ற பெயர். நம் ஊர்ப் பெயர்தானே என்று எவரும் அதை எழுதிவிட இயலாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு பெற்றிருத்தல் வேண்டும்.

உற்பத்தி நாடு என்னும் கட்டத்தில் பட்டு நெசவாளருக்கு ஓர் ஐயம் எழும். கச்சாப் பட்டு சீனத்திலிருந்தும் நம் நாட்டுக்கு வருகிறது, நெசவோ இங்கு. "ஜெம்" சந்தையில் உள்நாட்டுப் பங்கு எத்தனை விழுக்காடு என்று குறிக்கவும் இடமுண்டு. நூல் வாங்கிய பற்றுச்சீட்டைப் பாவு எண்ணுடன் சேர்த்து வைத்திருப்பவர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

இனி நியாயமான குறை. விவரப் படிவம் ஆலைச் சரக்கை மனத்திற்கொண்டு அமைந்தது. ஒரே அச்சில் நூறு உருப்படி என்று அது எண்ணுகிறது. கைத்தறியிலோ ஒரே பாவில் அறுத்த இரு சேலைகள் ஓரிரு அங்குலம் வேறுபடும். சாயத்தின் நிறமும் ஒரு காய்ச்சலுக்கு மறு காய்ச்சல் மாறும். அளந்தவற்றுள் மிகக் குறைந்த நீளத்தையே எழுதுக. நிறபேதம் உண்டென ஒரு வரி சேர்க்க. மேலும், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் நுகர்வோர் புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் வேண்டும் என்கின்றன. விற்பவர் குறைக்கு அத்தகைய கெடு அவ்விதிகளில் இல்லை. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் சரக்கு நீக்கப்பட்டால் நெசவாளி யாரிடம் முறையிடுவான்? தனியொருவர் கடிதத்தை விடச் சங்கங்கள் கூடித் தீர்மானமாக அனுப்புவதே பயன் தரும்.

விவசாயிகளுக்கும் ஒரு சொல். மஞ்சள் தூளுக்கும் ஜவ்வரிசிக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இன்றியமையாதது. 2024 நவம்பரில் அவ்வாணையம், பொருள் வாங்குபவர் கைக்குச் சேரும்போது அதன் ஆயுளில் 30 விழுக்காடோ அல்லது 45 நாட்களோ மீதமிருக்க வேண்டும் என்று இணைய வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. ஆகையால் ஒரேயடியாக அரைத்துக் கட்டி வைக்காமல், தேவைக்கேற்பப் பொட்டலமிடுக.

சங்கங்கள் செய்ய வேண்டுவது எளிது. தறியிலிருந்து வந்த துணியைக் கிடங்கில் வரவு வைக்கும் அன்றே நீளம், அகலம், எடை, இழை, பாவு எண், நெசவாளர் எண் ஆகியவற்றைச் சரக்கேட்டில் பதிவு செய்க. இணையத்தில் ஏற்றும் குமாஸ்தா அந்த ஏட்டைப் பார்த்தே எழுதட்டும். நினைவிலிருந்து எழுத வேண்டா. ஏற்றிய விவரத்தின் நகலொன்றைத் தேதியிட்டுக் கோப்பில் வைத்தால், சரக்கு நீக்கப்படும்போது முறையீட்டுடன் இணைக்கக் கைவசம் இருக்கும்.