ஆகாரச் சக்தியும் வேலைச் சக்தியும்: கலோரியை ஜூலாக மாற்றும் கணக்கு

கிணற்றில் நீர் இறைக்கும் ஆள் உண்ணும் ஆகாரத்தின் பலம் கலோரி என்னும் அளவால் கூறப்படுகிறது. அதே கிணற்றில் மின்சாரப் பம்பு வைத்தால், அதன் செலவு யூனிட் கணக்கில் எழுதப்படுகிறது. பௌதிக சாஸ்திரிகளோ இவ்விரண்டையும் ஜூல் என்னும் அளவால் குறிக்கின்றனர். மூன்றும் அளப்பது சக்தி என்னும் ஒன்றையே. ஒரே களத்து நெல்லை ஒருவர் படியாலும், ஒருவர் மரக்காலாலும், மற்றொருவர் கலத்தாலும் அளப்பது போன்றது இது.

ஒரு கிலோ நீரின் உஷ்ணத்தை ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர்த்த வேண்டிய சக்தி ஒரு கிலோ கலோரி. ஒரு கிராம் நீரை அவ்வாறு சூடாக்க வேண்டியது வெறும் கலோரி. அது முன்னதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பலர் இடறும் இடம் இதுவே. ஆகார விஷயமாக எழுதுவோர் ‘கிலோ’ என்பதை விட்டுக் கலோரி என்றே எழுதிவிடுவதுண்டு. பெரிய படியும் சின்னப் படியும் ஒருங்கே வழங்கிய காலத்தில், எந்தப் படி என்று கேளாமல் நெல் வாங்கியவர் நஷ்டம் அடைந்தார். அந்தப் பிசகு சொற்பம். இதுவோ ஆயிரம் மடங்கு.

உஷ்ணமும் உழைப்பும் ஒரே கணக்கில் அடங்கும் என்பதைப் பரீட்சையால் நிலைநாட்டியவர்களுள் முக்கியமானவர் ஜேம்ஸ் ஜூல். இங்கிலாந்தில் ஸால்போர்டு என்னும் ஊரில் பீர் வடிக்கும் தொழில் நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். எடைக்கற்கள் கீழே இறங்கும்போது, அவற்றோடு கயிற்றால் இணைத்த துடுப்புச் சக்கரம் ஒரு பாத்திரத்து நீரைக் கலக்கும்படி அவர் அமைத்தார். அடுப்பு இல்லாமலே நீர் சற்றுச் சூடேறிற்று. 1 ராத்தல் நீரை 1 டிகிரி பாரன்ஹீட் உயர்த்த, 772 ராத்தல் எடை ஓர் அடி இறங்க வேண்டும் என்று அவர் 1850-ல் வெளியிட்டார். இக்காலக் கணக்கு 778. கையால் செய்த கருவிக்கு இவ்வளவு நெருக்கம் வியக்கத்தக்கது. 1948-ல் கூடிய சர்வதேச எடை அளவு மகாநாடு, உஷ்ணத்தின் அளவாகவும் ஜூலையே ஏற்றது.

1 கிலோ கலோரி 4184 ஜூலுக்குச் சமம். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கிலோ கலோரி உண்டு. அதை 4184 ஆல் பெருக்க, ஏறக்குறைய 14.6 லட்சம் ஜூல் ஆகிறது. மின்சார யூனிட் ஒன்று 36 லட்சம் ஜூல். அதாவது சுமார் 860 கிலோ கலோரி.

இனிக் கிணற்றடிக்கு வரலாம். ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் உயர்த்த 9.8 ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. 6 மீட்டர் ஆழத்திலிருந்து 10,000 லிட்டர் நீரை ஒரு தொழிலாளி ஏற்றத்தால் இறைப்பதாகக் கொள்க. வேலை 5.88 லட்சம் ஜூல். 4184 ஆல் வகுக்க, சுமார் 140 கிலோ கலோரி வருகிறது. இது 40 கிராம் அரிசியின் சக்தி!

‘ஒரு பிடி அரிசிக்கு இத்தனை நீரா’ என்று மகிழ்ந்து, அதன்படி கூலி அளக்கப் புறப்படுவோர் சற்றுப் பொறுத்தல் வேண்டும். தசைகள் தாம் செலவிடும் சக்தியில் கால் பங்கு அளவே வேலையாக மாற்றுகின்றன. எஞ்சியது உஷ்ணமாகி வியர்வையோடு போகிறது. ஆகவே 40 கிராம் என்றது 160 கிராம் ஆகிறது. சிந்தும் நீர், வெறும் சாலை இறக்கும் உழைப்பு ஆகியவை இதில் சேரவில்லை. இவற்றிலும் பெரிய செலவு ஒன்று உண்டு. கை காலை அசைக்காமல் படுத்திருந்தாலும், மூச்சு விடவும், இருதயம் துடிக்கவும், உடல் சூடு குறையாதிருக்கவும் ஓர் ஆண் மகனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1500 கிலோ கலோரி வேண்டும். கடின உழைப்பாளியான ஆணுக்கு நாளொன்றுக்கு 3470 கிலோ கலோரி தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் மதிப்பிட்டது. ஜூலில் இது 145 லட்சம். மின்சாரக் கணக்கில் சுமார் 4 யூனிட்.

சங்கத்தின் வாயிலாக வாய்க்கால் மராமத்து நடந்து, கூலியில் ஒரு பகுதி தானியமாக அளக்கப்படுமாயின், நிர்வாகஸ்தர்கள் போட வேண்டிய கணக்கு இந்த 3470 என்பதிலிருந்தே தொடங்கும். வெட்டிய மண்ணின் எடையிலிருந்து அன்று. வீட்டில் உள்ள குழந்தைகளும் அந்தத் தானியத்திலிருந்தே உண்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அதே 10,000 லிட்டரை நூற்றுக்கு 40 பங்கு பயன் தரும் பம்பு இறைத்தால், 14.7 லட்சம் ஜூல், அதாவது யூனிட்டில் ஐந்தில் இரண்டு பங்கு செலவாகும். இது 100 கிராம் அரிசிக்குச் சமம். இறைப்பு இல்லாத நாளில் பம்புக்குச் செலவு இல்லை. தொழிலாளிக்கோ அன்றைக்கும் அந்த 1500 கிலோ கலோரி, அதாவது 62.76 லட்சம் ஜூல், வேண்டியிருக்கிறது.