வருங்கால ஆசிரியர்களே, முதலில் உங்கள் குரலைக் கேளுங்கள்!

நான் காரிமங்கலத்தில் வசிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, இப்போது தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்காக ஒன்றாம் வகுப்புக்குப் போனேன். புத்தகத்தைத் தூக்கிக் காட்டி "புக்கு" என்றேன். மொத்த வகுப்பும் "புக்கு" என்று திருப்பிச் சொன்னது. "இஸ்கூல்" என்றேன். அதையும் அப்படியே சொன்னார்கள். தவறு குழந்தைகளுடையது அல்ல, என்னுடையது. நான் திருந்தாவிட்டால், என்னிடம் படிக்கும் ஒவ்வொரு குழந்தையும் இதையே சுமந்து செல்லும்.

தமிழகத்தில் 2012 முதல் நடத்தப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 கேள்விகள். அவற்றில் 30 ஆங்கிலம். அந்தக் கேள்விகளுக்குப் படித்தே விடை எழுதிவிடலாம். உச்சரிப்புக்குக் காதும் வாயும் பழக வேண்டும். அதற்கு வீட்டுக் கம்ப்யூட்டரே போதும்.

ஏன் தவறுகிறோம்?

தமிழ்ச் சொல் எதுவும் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்யில் முடியாது. அதனால் நம் நாக்கு கடைசியில் ஓர் "உ" சேர்த்துக்கொள்கிறது. புக் "புக்கு" ஆவது இப்படித்தான். தமிழ்ச் சொல் இரண்டு மெய்களுடன் தொடங்குவதும் இல்லை. எனவே ஸ்கூலுக்கு முன்னால் ஓர் "இ" வந்து நிற்கிறது. "ஃபேன்" என்ற மின்விசிறி "பேன்" ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்தான். ஒலிகளோ சுமார் 44. ஆகவே எழுத்தின் பெயர் வேறு, அதன் ஒலி வேறு என்பதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி 1: கேளுங்கள்

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் ஒன்றாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தை பிடிஎஃப் கோப்பாக டவுன்லோட் செய்யுங்கள். கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, "ஓபன் வித்" பகுதியில் மைக்ரோசாஃப்ட் எட்ஜ் பிரவுசரைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், யு ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். கம்ப்யூட்டர் வாசிக்கத் தொடங்கும். மேலே தோன்றும் "வாய்ஸ் ஆப்ஷன்ஸ்" மூலம் வேகத்தைக் குறைக்கலாம். நீர்ஜா, பிரபாத் என்ற இந்திய ஆங்கிலக் குரல்களும் உண்டு. இவற்றுக்கு இன்டர்நெட் இணைப்பு தேவை. படமாக மட்டும் உள்ள பக்கங்களைக் கம்ப்யூட்டர் வாசிக்காமல் போகலாம்.

பயிற்சி 2: பதிவு செய்யுங்கள்

விண்டோஸ் 11ல் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து "சவுண்ட் ரெக்கார்டர்" என்று தேடுங்கள். சிவப்பு வட்டத்தைக் கிளிக் செய்து, நீங்கள் கேட்ட அதே ஐந்து வரிகளை வாசியுங்கள். லேப்டாப்பில் மைக் உள்ளேயே இருக்கும். டெஸ்க்டாப் என்றால் மைக் உள்ள ஹெட்செட் வேண்டும். நிறுத்தியபின் போட்டுக் கேளுங்கள். என் குரலை முதன்முதலில் கேட்டபோது, ஐந்து வரியில் ஏழு இடங்களில் "உ" சேர்த்திருந்தேன். பேசும்போது ஒன்றுகூடத் தெரியவில்லை!

பயிற்சி 3: சோதித்துப் பாருங்கள்

நோட்பேடைத் திறந்து, விண்டோஸ் விசையுடன் எச் விசையை அழுத்துங்கள். இதற்கும் இன்டர்நெட் வேண்டும். கீபோர்டு மொழி ஆங்கிலமாக இருக்கட்டும். இப்போது ஒரு சொல்லைச் சொல்லுங்கள், கம்ப்யூட்டர் டைப் செய்யும். நான் மின்விசிறியைச் சொன்னேன். அது வாணலியை டைப் செய்தது! கீழுதட்டை மேல்பல்லில் லேசாக வைத்துக் காற்றை விட்டுச் சொன்னபின்தான் மின்விசிறி வந்தது.

ஓர் எச்சரிக்கை. முழு வாக்கியமாகச் சொன்னால், கம்ப்யூட்டர் சூழலை வைத்து ஊகித்துச் சரியாகவே டைப் செய்துவிடலாம். எனவே தனிச் சொற்களாகவும் சோதியுங்கள். அதன் தீர்ப்பே முடிவானதும் அல்ல. சந்தேகம் வந்தால் முதல் பயிற்சிக்குத் திரும்பிச் சென்று மீண்டும் கேளுங்கள்.

தினமும் 15 நிமிடம் ஒதுக்கி, ஐந்து வரிகள் மட்டும் செய்யுங்கள். முதல் நாள் பதிவை அழிக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் முன்னேற்றம் உங்களுக்கே தெரியும்.

அடுத்த கற்பித்தல் பயிற்சியில் அதே புத்தகத்தைத் தூக்கிக் காட்டி "புக்" என்றேன். "புக்" என்றே பதில் வந்தது.