மரத்தில் தொங்கும் முள்ளில்லாக் கள்ளி



கள்ளி என்றதும் முள்ளும் மணல்காடும்தான் ஞாபகம் வரும். இந்த முறை நாம் படிக்கப்போகும் கள்ளிக்கு முள்ளும் இல்லை, இலையும் இல்லை. நம்ம மலைநாட்டின் ஈரமான பக்கங்களில், பழைய மரக்கிளைகளிலும் பாறைகளிலும் பச்சைக் கயிற்றுக் கற்றை போல இது தொங்கும். சிங்களத்தில் வல் நவஹந்தி என்பார்கள். தாவர நூல்களில் இதன் பெயர் ரிப்சாலிஸ் பக்சிபெரா. 1788இல் கார்ட்னர் என்ற ஜெர்மன் அறிஞர் ரிப்சாலிஸ் என்று பெயர் வைத்தார். பின்னிய பிரம்பு என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. பக்சிபெரா என்றால் சிறுபழம் தருவது.

போன வருஷம் எங்கள் லயத்துக்குப் பின்னால் பலா மரத்தில் இது தொங்கியது. "புல்லுருவி, மரத்தைக் கொன்னுடும்" என்று சொல்லி ஒரு அண்ணன் கத்தியோடு ஏறினார். மழை ஈரம், பாசி வழுக்கிக் கீழே விழுந்தார். கை முறிந்து இரண்டு மாசம் வேலையில்லை, பேரும் இல்லை. அவர் வெட்டப்போனது புல்லுருவியே இல்லை என்பதுதான் வருத்தம்.

புல்லுருவி கிளைக்குள்ளே வேரை இறக்கி மரத்தின் சாற்றை உறிஞ்சும். அது ஒட்டின இடத்தில் கிளை முண்டு கட்டியிருக்கும். அதை வெட்டத்தான் வேண்டும். இந்தக் கள்ளியின் வேரோ பட்டைமேல் மட்டும் ஓடும். மெதுவாக இழுத்தால் பாசியோடு சேர்ந்து கையில் வந்துவிடும். மழைத் தண்ணீரும் பட்டை இடுக்கில் சேர்ந்த மக்கலுமே அதற்குச் சாப்பாடு. மரத்துக்கு அது குடியிருக்க வந்த ஆள் மாதிரி, அவ்வளவுதான்.

இன்னொரு குழப்பம் இதைவிட ஆபத்தானது. வல் என்ற சொல்லை விட்டு வெறும் நவஹந்தி என்றால் அது திருக்கள்ளி. வறண்ட பகுதிகளில் வேலிக்கு நடுவார்கள். அதற்கும் பென்சில் போன்ற பச்சைத் தண்டுதான். ஆனால் ஒடித்தால் வெள்ளைப் பால் கொட்டும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே மோசம். விருந்துக்குப் போன இடத்தில் பிள்ளைகள் ஒடித்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தவறிப் பட்டுவிட்டால் தாய்ப்பால், எண்ணெய் எதுவும் விடாதீர்கள். சுத்தமான தண்ணீரால் பதினைந்து, இருபது நிமிஷம் விடாமல் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நம்ம கள்ளியில் பால் கிடையாது, நீர் மட்டும்தான்.

கள்ளிக் குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அத்தனைக்கும் பிறந்த இடம் அமெரிக்கக் கண்டங்கள். நாகதாளியைக் கூட மனிதர்தான் இங்கே கொண்டுவந்தார்கள். அந்தக் கண்டங்களுக்கு வெளியே, ஆபிரிக்காவிலும் மடகஸ்காரிலும் இலங்கையிலும், காட்டுச் செடியாகவே இருப்பது இது ஒன்றுதான். கடல் தாண்டி எப்படி வந்தது? பறவை கொண்டுவந்தது என்பது ஒரு கட்சி, பழைய கப்பல்களில் வந்தது என்பது இன்னொரு கட்சி. வழக்கு இன்னும் தீரவில்லை. பூ சின்னது, வெளிர் நிறம். பழம் வெள்ளை முத்துப் போல இருக்கும். உள்ளே பசையும் கறுப்பு விதைகளும். பறவை அலகைக் கிளையில் தேய்க்கும்போது விதை ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் வளர்க்க ஆசையா? ரிசர்வ் காட்டில் பிடுங்கக் கூடாது, அது குற்றம். காற்றில் முறிந்து விழுந்த கிளையில் இருந்தால் எடுங்கள். நாலைந்து அங்குலத் துண்டாக வெட்டி, இரண்டு நாள் நிழலில் வெட்டுவாயைக் காயவிடுங்கள். ஓட்டை போட்ட சிரட்டையில் தேங்காய்த்தும்பு, கரித்துண்டு, மக்கின இலை கலந்து நட்டு, இஸ்தோப்பில் கட்டித் தொங்கவிடுங்கள். வெறும் மண் போட்டால் தண்ணீர் தேங்கி அழுகும். காலை வெயில் போதும், உச்சி வெயில் பட்டால் தண்டு சிவந்துவிடும். மேல்தும்பு காய்ந்த பிறகுதான் தண்ணீர். கொழுந்துக்குப் போடுகிற யூரியாவைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். நுவரெலியாப் பக்கம் தை, மாசியில் உறைபனி விழும் இரவுகளில் உள்ளே எடுத்துவிடுங்கள்.

பழம் கிடைத்தால் ஈரப்பாசியில் நசுக்கித் தேய்த்துவிடலாம். முளைத்து வரும் குட்டிச்செடியில் மெல்லிய முள்மயிர் இருக்கும். வேறு செடியோ என்று பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள், வளர வளர அது உதிர்ந்துவிடும்.