மாத்திரை வரிசைக்கு நிழல் கேட்பது எப்படி?

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை வாங்க என் மாமியார் வெயிலில் நிற்கிறார். உட்கார பெஞ்சு இல்லை. நிர்வாகத்தில் எங்களைப் போன்றவர்கள் பேச இடம் உண்டா?
— வாசகி, ஒரத்தநாடு வட்டம்

உண்டு, அம்மா. 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபின் வந்தது நோயாளர் நலச் சங்கம். நிழற்கூரை, பெஞ்சு, குடிநீர் போன்ற தேவைகளைக் கவனிக்கத்தான் அந்தச் சங்கம். மருத்துவ அலுவலரோடு உள்ளாட்சிப் பிரதிநிதியும் அதில் இருப்பார். அவர் யார் என்று விசாரித்து, நேரில் போய்ப் பாருங்கள். நடவு முடித்துச் சேற்றுக்காலோடு வந்து நிற்கும் நாலு பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வரிசையில் நிற்பவர்கள் சொன்னால்தான் விஷயம் உறைக்கும்.

அடுத்தது கிராம சபை. அக்டோபர் 2 நல்ல நாள். வாயால் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். "புறநோயாளிகள் வரிசைக்கு நிழற்கூரை, இரண்டு பெஞ்சு" என்று தாளில் எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை இருங்கள். நகல் கேட்டு வாங்குங்கள். ஊரில் கிராம சுகாதாரக் குழுவும் இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் விவரம் சொல்வார்.

பதில் வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். சங்க உறுப்பினர் பட்டியல், கடைசிக் கூட்டக் குறிப்பு, செலவுக் கணக்கு மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

அதுவரை மாமியார் ஏன் வெயிலில் நிற்க வேண்டும்? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நாளைக்கே செவிலியரிடம் அவர் பெயரைப் பதிந்துவிடுங்கள்.